அண்ணி சொன்னதும் அவர்கள் காட்டியதும்

எங்கள் அண்ணி நல்லவள் என்று சொல்ல நான் வரவில்லை. அதை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் அவளுடைய நாத்தனார். கட்டினவரோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தவள். அவள் கீழே, நான் மேலே. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மாடிப்படியை யார் பெருக்குவது என்பதில் ஆரம்பித்து, துணி காயப்போடும் கயிற்றில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது வரை, நாங்கள் சண்டை போடாத விஷயம் கிடையாது. அவளுக்கு வாய் நீளம். எனக்கும் குறைச்சல் இல்லை. அதனால்தான் நான் சொன்னால் நம்பலாம் என்கிறேன். அண்ணிக்காக நாத்தனார் பொய்ச்சாட்சி சொன்னதாக நீங்கள் எந்த வீட்டிலாவது கேள்விப்பட்டதுண்டா?

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தையல் அறையில். தரைமட்டத்துக்குக் கீழே, சலவைக்கூடத்தை ஒட்டி இருக்கிறது அந்த அறை. ஜன்னல் கிடையாது. கூரையோரமாக ஒரு கம்பி வலை மட்டும் உண்டு; அதன் வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் தெரியும். சலவைக்கூடத்தின் ஆவி சுவரைத் தாண்டி வந்து எந்நேரமும் எல்லோரையும் வியர்க்க வைத்துக்கொண்டிருக்கும். துவைத்துக் காய்ந்த விரிப்புகள், நோயாளிகளின் அங்கிகள், தலையணை உறைகள் இவற்றில் கிழிந்தவை மட்டும் இந்த அறைக்கு வரும். ஐந்து பெண்கள் அதைத் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு துணியை ஒருத்தியே தைப்பதில்லை. ஒருத்தி கிழிசலைச் சுற்றி வெட்டி ஒட்டுத்துணி வைப்பாள். இன்னொருத்தி மெஷினில் ஓட்டுவாள். மூன்றாவது ஆள் ஓரத்தை மடித்துக் கையால் கடைசி முடிச்சைப் போடுவாள். முடிச்சுப் போட்டவள் துணியின் மூலையில் தன் நிற நூலால் ஒரு சின்னத் தையல் வைக்க வேண்டும். அண்ணியின் நிறம் மஞ்சள். தைத்த துணி பிரிந்து திரும்பி வந்தால் மேற்பார்வையாளர் மூலையைப் பார்ப்பார். அந்த நிறத்துக்காரியை மட்டும் கூப்பிட்டுக் கத்துவார். "நடுத்தையல் நான் போடலைங்க" என்று அவள் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவளோடு மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை ஆபரேஷன் அறையில் ஒரு டாக்டரின் அங்கி தோளோடு பிரிந்துபோய், மஞ்சள் நூல் என்பதால் அண்ணி எல்லோர் முன்னாலும் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். தோளை ஓட்டியது கண்ணாடிக்காரி. அண்ணி வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணன் மேல்தான் எரிந்து விழுந்தாள்.

கண்ணாடிக்காரி என்று நான் சொல்வது அண்ணிக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவளை. தடித்த கண்ணாடி போட்ட, சிரிக்கச் சிரிக்கப் பேசும் பெண். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கொக்கி வைத்துத்தான் சொல்வாள்.

சாப்பாட்டு வேளையில் ஐந்து பேரும் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் செய்தி பார்ப்பார்கள். அந்த அறையில் சிக்னல் கிடைப்பது கம்பி வலைக்குக் கீழே ஒரே ஒரு இடத்தில். அது அண்ணியின் இடம். அவள் மகள் புதுசு வாங்கிக்கொண்டு தன் பழைய போனை அண்ணிக்குக் கொடுத்திருந்தாள். ஆக, போனும் அண்ணியுடையது, அதிலிருந்த இணையக் கணக்கும் அண்ணியுடையது. அந்தக் கணக்குக்கு 'ஊசிமுனை' என்று பெயர் வைத்தது மட்டும் ஐந்து பேரும் சேர்ந்து.

டிவியில் மதியச் செய்தி வாசிக்கும் ஒரு பெண்ணை அவர்களுக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குரல் சரியில்லை, கழுத்தை வெட்டுகிறாள், எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிறாள். ஒருத்தி ஒன்று சொல்ல, அடுத்தவள் அதைக் கூர்தீட்ட, அண்ணி அதைச் செய்தியின் கீழே விரலால் தட்டிப் போட்டுவிடுவாள். துணி தைப்பது மாதிரியேதான். இதில் தமாஷ் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நாள் முழுக்க யாரோ ஒருவர் நோயில் நனைத்த துணியைத் தைத்துக்கொண்டு, தெருவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தால் புரியுமோ என்னவோ.

பிறகு அந்தச் செய்தி வாசிக்கும் பெண்ணின் குழந்தை இறந்துபோயிற்று. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுப் பால்கனியிலிருந்து விழுந்துவிட்டது. சில வாரங்களில் அவள் மறுபடி செய்தி வாசிக்க வந்தாள். தையல் அறையில் ஐந்து பேரும் பார்த்தார்கள். "பிள்ளை போனதும் முகத்துல ஒரு களை வந்திருக்கு பாரு" என்றாள் கண்ணாடிக்காரி. சிரித்தார்கள். அண்ணி அதைத் தட்டிப் போட்டாள்.

இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அது பாவம். தாய் ஒருத்தி அதைப் படித்திருப்பாள். இதை அண்ணியின் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன்.

அந்த டிவிக்காரர்கள் 'கிழியும் முகமூடி' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பெயர் மறைத்து அசிங்கமாக எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து, வாசலில் போய் நின்று கேமராவை நீட்டுவது. தங்கள் பெண்ணையே புண்படுத்தியவர்களை விடுவார்களா? ஊசிமுனையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? டீயால். ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் போய் அதே கணக்கிலிருந்து புகார் எழுதியிருக்கிறாள் எங்கள் அண்ணி. தையல் அறைக்கு அனுப்பும் டீ என்று விலாவாரியாக வேறு. அவள் புத்திசாலித்தனம் அந்த லட்சணம்.

அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவள் மாடியில் மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு நான் மாடிப்படியில் இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். கீழே கேமராவோடு ஒருவர், நீலச் சட்டையில் ஒரு நிருபர்.

"அம்மா, ஊசிமுனைங்கிறது நீங்கதானே?"

அண்ணியின் கையில் சாவி அப்படியே நின்றது. "ஆமா" என்றாள்.

நிருபர் அந்தக் களை வாக்கியத்தைப் படித்துக் காட்டினார். "இதை எழுதினது நீங்கதானா?"

"அந்தப் பேர்ல வந்ததெல்லாம் என்னோடதுதான்."

எனக்குப் படியிலேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. போன் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். யாரோ சொன்னார்கள், நான் தட்டினேன் என்றாவது சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவளுக்கு அது திரும்பி வந்த துணி. மூலையில் மஞ்சள் நூல் இருக்கிறது. அப்புறம் என்ன பேச்சு?

"ஒரு தாய் இப்படிப் பேசலாமா?" என்றார் நிருபர்.

"பேசக் கூடாதுப்பா. பேசியிருக்கவே கூடாது. போட்ட அன்னைக்கு ராத்திரியே எனக்குத் தூக்கம் வரலை. எப்படி அழிக்கிறதுன்னும் தெரியலை. அந்தப் பொண்ணு முன்னாடி நின்னு, என்னை மன்னிச்சிடும்மான்னு நான் சொல்லணும். அவ அடிச்சாலும் வாங்கிக்கிறேன். என்னைக் கூட்டிட்டுப் போவியாப்பா?"

"பார்க்கலாம்மா" என்றார் நிருபர்.

அப்போது அண்ணி சிரித்தாள். அதுதான் அவளுடைய சாபக்கேடு. தர்மசங்கடமான நேரத்தில் அவளுக்கு அசட்டுச் சிரிப்பு வந்துவிடும். அவள் அப்பா இறந்த வீட்டிலேயே அப்படிச் சிரித்து எங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கியவள்.

ஒளிபரப்பை நாங்கள் மூவரும் கீழ்வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அண்ணி கதவைப் பூட்டுகிறாள். "ஊசிமுனைங்கிறது நீங்கதானே?" "ஆமா." "இதை எழுதினது நீங்கதானா?" "அந்தப் பேர்ல வந்ததெல்லாம் என்னோடதுதான்." அடுத்து அந்தச் சிரிப்பு. நடுவில் ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பை அப்படியே உறையவைத்து, பின்னணியில் ஒரு கனத்த குரல் சொன்னது: "வருத்தத்தின் சாயல்கூட இல்லை."

"மத்ததெல்லாம் எங்கே?" என்றாள் அண்ணி, டிவியைப் பார்த்து. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் விடுப்பில் போகச் சொன்னார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. பால் போடுகிறவர்கூட மணியடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். அண்ணன் டிவியைத் துணிபோட்டு மூடினான். எல்லாவற்றையும் அவள் தாங்கிக்கொண்டாள். "நான் செஞ்சதுக்கு இது வேணும்தான்" என்றாள். தாங்க முடியாமல் போனது மகள் விஷயம்.

மகளுக்கு அது ஏழாம் மாதம். வெளியூரில் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள். பிரசவத்துக்கு அண்ணி போய் இருப்பதாக ஏற்பாடு. குட்டிக் குட்டியாக உறைகளும் விரிப்புகளும் தைத்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். மகள் போன் பண்ணினாள்.

"அம்மா, இப்போதைக்கு நீ வர வேண்டாம்மா. செத்த குழந்தையைச் சொல்லிச் சிரிச்சவங்க நம்ம குழந்தை பிறக்கிற இடத்துல எதுக்குன்னு அத்தை கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"நான் மன்னிப்புக் கேட்டேண்டி. அதை அவங்க காட்டலை. மாடியில இருக்கிற உன் சின்ன அத்தை படியிலயே நின்னா, கேட்டுப் பாரு."

"அப்ப அதைக் காட்டச் சொல்லும்மா. அது டிவியில வந்துட்டா இவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

அன்றிலிருந்து அண்ணிக்கு ஒரே ஒரு குறிதான். வேலை வேண்டாம், நல்ல பெயர் வேண்டாம். அன்றைக்குச் சொன்ன அந்த நான்கு வார்த்தையை அவர்கள் காட்ட வேண்டும். மகளுக்கு வலி எடுப்பதற்கு முன்னால் காட்ட வேண்டும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திருடனைப் பிடித்தால்கூட, நீ என்ன சொல்கிறாய் என்று ஒருவர் கேட்டு முழுசாகக் காதில் வாங்குகிறார். இவர்கள் யார், பாதி வாயைத் திறந்துவிட்டு மீதியைத் தைத்துவிடுவதற்கு? நான் நேரே தையல் அறைக்குப் போய் வெளியே காத்திருந்து கண்ணாடிக்காரியைப் பிடித்தேன். அஞ்சு பேரும் சேர்ந்து பேசினதுதான் என்று வந்து சொல்லேன் என்றேன். "எனக்கு வேலை போயிடுங்க" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விஷயம் தெரிந்ததும் அண்ணி என்னைக் கிழித்துவிட்டாள்.

"உன்னை யாரு அங்க போகச் சொன்னது? முடிச்சுப் போட்டது நான். அவளை ஏன் இழுக்கிறே?"

அந்த வாரமே, நிகழ்ச்சியின் கீழே குவிந்திருந்த வசவுகளை அவள் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காதீர்கள் என்றால் கேட்க மாட்டாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பெயரில்லாத ஒரு கணக்கு எழுதியிருந்தது: 'மாட்டினதும் முகத்துல ஒரு களை வந்திருக்கு பாரு.' அண்ணி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "நூல் நிறம் பார்க்காமலே எங்களுக்கு யார் தையல்னு தெரியும்" என்றாள். அவ்வளவுதான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த டிவி அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி மாளிகை. வரவேற்பறைச் சுவர் முழுக்கச் சிரித்த முகங்கள். அதில் அந்தச் செய்தி வாசிக்கும் பெண்ணும் இருந்தாள். நீலச் சட்டை நிருபரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்திருந்தோம். மின்தூக்கி திறந்து, சுவரில் இருந்தவளே வெளியே வந்தாள். படத்தில் இருந்ததில் பாதி உடம்பு இல்லை. அண்ணி தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். அந்தப் பெண் பார்த்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நொடியில் முகம் வெளுத்து, கூட வந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். காவலாளி எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

அண்ணி உட்கார்ந்துவிட்டாள். "என்னைப் பார்த்து பயப்படுதுடி அந்தப் பொண்ணு" என்றாள். "இனிமே இங்க வர வேண்டாம்." வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தனை வசவும் அவளை அப்படி அடிக்கவில்லை.

ஆனால் நான் விடவில்லை. ஒளிபரப்புகளைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறது என்று விசாரித்து அதற்கு எழுதினேன். அவள் செய்தது தப்பு, அதை மறைக்கவில்லை, ஆனால் அவள் சொன்னதை முழுசாகக் காட்டுங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம் என்று எழுதினேன். தாமதமானாலும் பதில் வந்தது. எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அண்ணியின் மறுமொழியை ஒளிபரப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகளுக்கு அது ஒன்பதாம் மாதம். அண்ணி அன்று அலமாரியிலிருந்த குட்டித் துணிகளை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். கேட்கச் சகிக்காத குரல். அன்றைக்கு அவளைப் பாட விட்டேன்.

அதே நிருபர் வந்தார். இந்த முறை வாசலில் இல்லை. உள்ளே வந்து நாற்காலி போட்டு, விளக்கு வைத்து, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அன்றைக்கு எடுத்த படம் இப்போது இல்லை, காட்டியது போக மீதியை அழித்துவிடுவது வழக்கம் என்றார்.

"அதனால புதுசா எடுத்துடலாம்மா. சுருக்கமா இருந்தா போதும். 'அன்னைக்கு நான் மன்னிப்புக் கேக்கலை, இப்ப கேக்கிறேன்'னு ஆரம்பிங்க."

அண்ணி அவரையே பார்த்தாள். "அன்னைக்குக் கேட்டேனேப்பா."

"சரிம்மா. ஆனா பார்த்தவங்களுக்கு அது தெரியாதே. அன்னைக்குக் கேட்டேன்னு இப்ப சொன்னா, நாங்க மறைச்ச மாதிரி ஆகும். எங்க மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. ஒரு வரிதானேம்மா."

"சொல்லித் தொலை" என்றான் மூலையிலிருந்து அண்ணன். "பிள்ளை பெறப் போறவளை நெனச்சுப் பாரு."

விளக்கு வெளிச்சத்தில் அவள் நெற்றியில் வியர்வை ஓடியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிருபர் சைகை காட்டினார். நான் அண்ணியைப் பார்த்தேன். ஐந்து பேர் பேசியதைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள். டாக்டரின் அங்கிக்காக நின்றவள். கண்ணாடிக்காரி காறித் துப்பியதையும் துடைத்துக்கொண்டவள். இந்த ஒரு வரியையும் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தேன்.

"என் பேர்ல வந்த எல்லாத்துக்கும் நான் பொறுப்பு" என்றாள் கடைசியில். "அன்னைக்குக் கேக்கலைங்கிறது என் பேர்ல வந்ததில்லை. இல்லாத துணியில நான் முடிச்சுப் போட மாட்டேன்."

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் அவர்கள் அதையும் காட்டினார்கள். விளக்கு வெளிச்சத்தில், உதடு இறுகி, கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் அண்ணி. மேலே அதே கனத்த குரல்: "மறுமொழி சொல்ல முழு வாய்ப்பு அளித்தோம். இப்போதும் அவர் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார்." குழுவுக்குத் திருப்தி. மறுமொழி ஒளிபரப்பாகிவிட்டது அல்லவா?

பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளைதான் அண்ணனுக்குச் சொன்னார். மகள் படம் மட்டும் அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. தைத்து வைத்த துணிகளைத் தபாலில் அனுப்பினோம். கிடைத்ததா என்று இதுவரை தெரியாது.

இப்போது மணியடித்தால் அண்ணி சமையலறைக்குள் போய்விடுகிறாள். நான்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறக்கிறேன். மாடிப்படியையும் நானே பெருக்குகிறேன். சண்டை போட ஆள் இல்லாத வீடு நன்றாகவே இல்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் கீழே போனேன். பேத்தியின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே கேட்டாள்:

"ஏண்டி, நான் அன்னைக்குச் சொன்னேன்தானே?"

"என்ன அண்ணி இது, புதுசா?"

"அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். அதுல நான் ஆமாங்கிறேன், அப்புறம் சிரிக்கிறேன். நடுவுல ஒண்ணுமே இல்லை. உங்க அண்ணனும் நிஜமாவே சொன்னியான்னு கேட்டாரு. மனசுல நெனச்சதை வாயால சொன்னதா நானே நெனச்சுக்கிட்டேனோ என்னவோ."

"சொன்னீங்க அண்ணி. நான் படியில குடையோட நின்னேன். மன்னிச்சிடும்மான்னு சொல்லணும், அடிச்சாலும் வாங்கிக்கிறேன், கூட்டிட்டுப் போவியாப்பான்னு கேட்டீங்க. என் காதால கேட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு பிரியமாகப் பார்த்தது கிடையாது.

"நீ என் பக்கம்" என்றாள். "நீ அப்படித்தான் சொல்லுவே."